பஸ்ல உக்காந்து இன்டர்நேஷனல் பிசினஸ் ரிசர்ச் படிக்கறது எப்படி

மொதல்லயே உண்மைய சொல்லிடறேன், பாட்காஸ்ட் மட்டும் கேட்டு இந்த சப்ஜெக்ட்ட, அதாவது கம்பெனிங்க நாடு விட்டு நாடு போய் எப்படி தொழில் பண்ணுதுங்கற ஆராய்ச்சிய, கத்துக்க முடியாது. நான் ஒரு வருஷம் அப்படி ஓட்டி பாத்தவன். போக வர பஸ்ல ஒன்றரை மணி நேரம், காதுல இயர்போன், பெரிய பெரிய ப்ரொஃபசர்கள் எல்லாம் பேசிட்டே இருப்பாங்க, எனக்கும் எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும். ஒருநாள் என் தீசிஸ் கைடு மேடம், "வால்மார்ட் ஏன் ஜெர்மனிய விட்டு வெளிய வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்"னாங்க. நான் டக்குனு, கடை ஆளுங்க கஸ்டமர பாத்து சிரிச்சது ஜெர்மன்காரங்களுக்கு புடிக்கல மேடம்னு சொல்லிட்டேன். "சரி, அப்புறம்?" அப்புறம் என்கிட்ட ஒண்ணுமே இல்ல. "இது கதைப்பா, ரிசர்ச் இல்ல"ன்னு சிரிச்சுட்டு போயிட்டாங்க.

அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்ட முறைய தான் இங்க எழுதறேன். ஒரே வரில சொன்னா, ஒரு டாக்க (ரெக்கார்ட் பண்ணின பேச்ச) ரெண்டு தடவ கேக்கணும், நடுவுல பேசினவரோட ஆராய்ச்சி பேப்பர படிக்கணும்.

எந்த பாட்காஸ்ட் நல்லதுன்னு தேடிட்டு ஆரம்பிக்காதீங்க. ஒரு கேள்வியோட ஆரம்பிங்க. வால்மார்ட்டையே எடுத்துக்கலாம். 1997ல வெர்ட்காஃப்னு ஒரு செயின்ல 21 கடைய வாங்கி உள்ள போனாங்க, அடுத்த வருஷம் இன்டர்ஸ்பார்ல 74 கடை, கடைசில 2006ல 85 கடைய மெட்ரோங்கற ஜெர்மன் கம்பெனி கிட்ட வித்துட்டு கெளம்பிட்டாங்க. இத பத்தி ஒரு நாலு ரெக்கார்டிங் கேளுங்க, கேக்கும்போது ஒவ்வொருத்தரும் எத காரணம்னு சொல்றாங்கன்னு மட்டும் குறிச்சுக்கோங்க. ஒருத்தர் கலாச்சாரம்பாரு. இன்னொருத்தர், ஆல்டி, லிடில்னு ஜெர்மன் மலிவு விலை கடைங்க ஏற்கனவே அடிமட்ட விலைக்கு வித்துட்டு இருந்த ஊருல போய் கம்மி விலைன்னு சொன்னா யாரு வருவாங்கன்னு கேப்பாரு. மூணாவது ஆள் சட்டத்த இழுப்பாரு: ஞாயித்துக்கிழமை கடை திறக்க முடியாது, 2000ல கார்டெல் ஆபீஸ் (ஜெர்மனில வியாபார போட்டிய கண்காணிக்கற அரசு அமைப்பு) தலையிட்டு அடக்க விலைக்கு கீழ விக்காதீங்கன்னு வால்மார்ட்டுக்கும் சொல்லுச்சு, ஆல்டி லிடிலுக்கும் சொல்லுச்சு. இப்ப உங்க கைல ஒரு கதை இல்ல, ஒண்ணோட ஒண்ணு மோதற மூணு விளக்கம் இருக்கு. எது எவ்வளவு தூரம் காரணம்னு பிரிச்சு பாக்கறது தான் இந்த துறையோட வேலையே. சிரிப்பு கதை மட்டும் ஏன் எல்லா பாட்காஸ்ட்லயும் வருதுன்னா, சொல்றதுக்கு ஜாலியா இருக்கு, அவ்ளோதான்.

ரெக்கார்டிங்லயும் வகை இருக்கு, எல்லாத்தையும் ஒரே தராசுல வைக்காதீங்க. ப்ளானட் மணி பாட்காஸ்ட் மாதிரி கதை சொல்றவங்க ஆர்வத்த கிளப்பறதுல கில்லாடி, 2013ல ஒரு டிஷர்ட்ட பருத்தி வயல்ல இருந்து துரத்திட்டு போனாங்க, அமெரிக்க பருத்தி, இந்தோனேஷியால நூல், பங்களாதேஷ்லயும் கொலம்பியாலயும் தையல், சப்ளை செயின்னா என்னன்னு அத விட நல்லா யாரும் எனக்கு சொன்னதில்ல. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலோட கோல்ட் கால் பாட்காஸ்ட்ல, கேஸ், அதாவது ஒரு கம்பெனியோட நிலவரத்த பாடமா எழுதின ப்ரொஃபசரே வந்து பேசுவாரு, ஆனா கேஸ்ங்கறது க்ளாஸ்ல வாதம் பண்றதுக்காக எழுதினது, அது நிரூபணம் இல்ல. ட்ரேட் டாக்ஸ்னு ஒரு பாட்காஸ்ட் அருமையா இருக்கும், ஆனா அது வர்த்தக கொள்கை, அதாவது நாடு என்ன வரி போடுது, ஏன் போடுதுன்னு. நம்ம சப்ஜெக்ட்ல ஹீரோ கம்பெனி. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு தீசிஸ் தலைப்பு வைக்கறவங்க நெறய பேரு, நானும் வச்சிருக்கேன். நேரடியா ரிசர்ச் வேணும்னா அகாடமி ஆஃப் இன்டர்நேஷனல் பிசினஸ் பக்கம் போங்க. 1959ல இருந்து இருக்கற சங்கம், ஜிப்ஸ்னு எல்லாரும் சொல்ற ஜர்னல் இவங்களோடது தான். இவங்க போடற வீடியோக்கள்ல சவுண்டு சுமாரா இருக்கும், ஸ்லைடு தெரியாது, கொட்டாவி வரும், ஆனா சரக்கு அங்க தான் இருக்கு.

மொதல் தடவ கேக்கும்போது நோட்ஸ் எடுக்காதீங்க. பஸ்ல, சமையல் பண்ணும்போது, எப்படி வேணா கேளுங்க. மூணு விஷயம் மட்டும் காதுல விழணும்: இவரு கேக்கற கேள்வி என்ன, டேட்டா எங்கேந்து வந்துச்சு, யாரோட சண்ட போடறாரு. மூணாவது தான் முக்கியம். யாரையும் மறுக்காத டாக்குன்னா அது பெரும்பாலும் விளம்பரம். அதனாலயே ஒரு கம்பெனி தலைவர் வந்து நாங்க இருபது நாட்டுல எப்படி ஜெயிச்சோம்னு சொல்ற எபிசோட நான் டேட்டாவா எடுத்துக்கறதே இல்ல, அதே முறைல போய் தோத்தவன யாரும் மைக் முன்னாடி உக்கார வைக்கறதில்லையே.

பழக ஆரம்பிக்கறவங்களுக்கு நான் கை காட்டறது பங்கஜ் கெமாவத்னு ஒரு ப்ரொஃபசர் 2012ல டெட் மேடைல பேசின டாக். உலகம் ஒண்ணும் தட்டையாயிடல, அதாவது நாட்டு எல்லைங்க இன்னும் முக்கியம் தான்னு வாதம் பண்ணுவாரு. அத கேக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, உலகத்துல பேசற மொத்த ஃபோன் நிமிஷத்துல எத்தன சதவீதம் நாடு விட்டு நாடுன்னு உங்க ஊகத்த எழுதுங்க, உலக மக்கள்ல எத்தன சதவீதம் பேரு பொறந்த நாட்ட விட்டு வெளிய வாழறாங்கன்னும் எழுதுங்க. அப்புறம் கேளுங்க. அவரு சொல்றது 2, 3 சதவீதம். நான் எழுதி வச்சது 25. ஊகம் பண்ணாம கேட்டிருந்தா ஓஹோன்னு தலையாட்டிட்டு போயிருப்பேன், தப்பா எழுதினதால இன்னிக்கி வரைக்கும் மறக்கல. இதுக்கு பின்னாடி இருக்கறது அவரு 2001ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூல எழுதின கட்டுரை, கலாச்சாரம், நிர்வாகம், பூகோளம், பொருளாதாரம்னு தூரத்த நாலா பிரிப்பாரு. அத படிச்சுட்டு வால்மார்ட் கதைக்கு திரும்பி வாங்க, சிரிப்பு ஒரு பெட்டில விழும், கார்டெல் ஆபீஸ் இன்னொரு பெட்டில விழும்.

பேப்பர் தேடறது கஷ்டம் இல்ல. பேசறவர் பேர கூகுள் ஸ்காலர்ல போடுங்க, எல்லா வெர்ஷனும்னு இருக்கறத அழுத்தினா பாதி நேரம் இலவச பிடிஎஃப் மாட்டும், மாட்டலன்னா மரியாதையா ஒரு மெயில் போடுங்க, நெறய பேரு அனுப்பிடறாங்க. யூடியூப் தானா எழுதற ட்ரான்ஸ்கிரிப்ட நம்பி பேரு தேடாதீங்க, ஸ்வீடிஷ் பேரையும் நம்ம ஊரு பேரையும் அது கொதறி வைக்கும். வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல சரியான ஸ்பெல்லிங் இருக்கும்.

பேப்பர் படிச்சதுக்கப்புறம் ரெண்டாவது தடவ கேளுங்க. இப்ப உக்காந்து, நோட்டோட. மொதல் தடவ ஸ்பீட 1.5ல வச்சிருந்தா இப்ப சாதாரண வேகத்துக்கு கொண்டு வாங்க, முக்கியமா கடைசி கேள்வி பதில் பகுதிக்கு. பேப்பர்ல வழவழன்னு இருக்கற இடத்துல இங்க ஆள் தடுமாறுவாரு. அந்த நாட்டுல எங்களுக்கு கம்பெனிகள் பேட்டி தரல, அதான் இந்த நாட்டோட நிறுத்திட்டோம்னு வாய் தவறி வரும். அது எந்த ஜர்னல்லயும் அப்படி அச்சாகாது, ஆனா உங்க அடுத்த ரிசர்ச் கேள்வி அங்க தான் உக்காந்திருக்கும்.

தேதிய பாக்க மறந்துடாதீங்க, அப்லோட் பண்ண தேதி இல்ல, பேசின தேதி. உதாரணத்துக்கு உப்சாலா மாடல். கம்பெனிங்க படிப்படியா, தெரிஞ்ச பக்கத்து நாட்டுல ஆரம்பிச்சு, மொதல்ல ஏஜென்ட், அப்புறம் சொந்த சேல்ஸ் ஆபீஸ், அப்புறம் ஃபேக்டரின்னு போகும்னு சொல்றது. சாண்ட்விக், அட்லஸ் காப்கோ, ஃபாசிட், வோல்வோன்னு நாலு ஸ்வீடிஷ் கம்பெனிய பாத்து பொறந்த யோசனை, 1977ல ஜொஹான்சனும் வால்னேவும் மாடலா எழுதினாங்க. ஆனா அதே ரெண்டு பேரும் 2009ல திரும்ப வந்து, நாடு அன்னியமா இருக்கறது மட்டும் பிரச்சனை இல்ல, அங்க இருக்கற தொடர்பு வலைக்கு வெளிய நிக்கறது தான் பெரிய பிரச்சனைன்னு மாத்தி எழுதிட்டாங்க. 2005 டாக் ஒண்ண கேட்டுட்டு உப்சாலான்னா இதான்னு வைவால (தீசிஸ் வாய்மொழி தேர்வுல) சொன்னீங்கன்னா மாட்டிக்குவீங்க.

நாட்டுக்கு நாடு கலாச்சாரத்த எண்ணால அளந்த ஹாஃப்ஸ்டீட் பேரு வந்தா காத கூர்மையாக்கிக்கோங்க. 1967லேந்து 73 வரைக்கும் ஐபிஎம் ஊழியர்கள் கிட்ட எடுத்த சர்வே அது, வர்றது நாட்டோட சராசரி. பாட்காஸ்ட்ல அத அப்படியே தூக்கி உங்க இந்திய மேனேஜர் இப்படித்தான் நடந்துக்குவாருன்னு தனி மனுஷன் தலைல வைப்பாங்க. அந்த இடத்துல பாஸ் பண்ணிட்டு நேரத்த குறிச்சுக்கோங்க, தீசிஸ்ல பழைய ஆராய்ச்சிகள அலசற லிட்ரேச்சர் ரிவ்யூல ஒரு பாராவுக்கு ஆகும்.

அப்புறம் எல்லா டாக்லயும் ஹைமர், டன்னிங்னு இந்த துறையோட முன்னோடிகள் பேர பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி சொல்லிட்டு போயிடுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தி தேடினா எபிசோடு முடியாது. நோட்டோட கடைசி பக்கத்துல பேர எழுதி கோடு போட்டுட்டே வாங்க, மூணு கோடு விழுந்தா அந்த ஆள படிக்கணும். எனக்கு அப்படி மொதல்ல மூணு கோடு விழுந்தது ஹைமருக்கு. ஏற்றுமதி பண்ணிட்டோ லைசென்ஸ் குடுத்துட்டோ வீட்டுல இருக்கலாமே, ஒரு கம்பெனி ஏன் மெனக்கெட்டு வெளிநாட்டுல போய் சொந்தமா நடத்துதுன்னு 1960லயே தீசிஸ்ல கேட்ட மனுஷன், அது புத்தகமா வந்தது அவரு போனதுக்கப்புறம் 1976ல. மேனேஜ்மென்ட் ப்ரொஃபசர் சி.கே. பிரகலாத் பேருலயும் கோடு சீக்கிரம் ஏறிடுச்சு, கோயம்புத்தூர்ல பொறந்தவருங்கறதால நான் ரெண்டு கோட்டுலயே படிக்க ஆரம்பிச்சுட்டேன்.

என் நோட்டு எப்படி இருக்கும்னா, ஒரு பக்கத்துக்கு ஒரு டாக், மேல பேசினவர், பேசின வருஷம், அதோட பேப்பர். கீழ இடது பக்கம் நிமிஷம், வலது பக்கம் என் வார்த்தைல விஷயம். "31:40, விலை பத்தி கேட்டதுக்கு பதில் சொல்லாம கலாச்சாரத்துக்கு தாவுறாரு, பேப்பர் டேபிள் 3 பாரு." தீசிஸ்ல மேற்கோள் காட்டறப்ப பேப்பரத்தான் காட்டணும், டாக்ல மட்டும் சொன்ன விஷயத்துக்கு மட்டும் அந்த நிமிஷத்தோட டாக்க காட்டுங்க.