அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

அறுவை சிகிச்சை முடிந்து 19ஆம் நாள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வார்டுக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், கோர்ட்டு கேஸுன்னு அலையற நிலைமையிலயா இருக்கீங்க? இதுல ஒரு கையெழுத்து போட்டா அடுத்த வாரமே பணம் வந்துடும்." வலி மருந்தின் மயக்கத்தில் எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற அண்ணன்தான் காகிதத்தைப் பிடுங்கி மூன்றாம் பக்கம் வரை படித்தார். "இந்த விபத்து தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. "இவளுக்கு இன்னும் செயற்கைக் காலுக்கு அளவே எடுக்கலை. செலவு என்னன்னே தெரியாம கணக்கை எப்படிங்க முடிக்கிறது?" என்று அண்ணன் கேட்டார். வந்தவர் பதில் சொல்லவில்லை.

நான் கணக்கு டீச்சர். 34 வயதில், சக ஆசிரியை ஓட்டிய காரின் முன்சீட்டில் இருந்தபோது, குறுக்கே வந்த கார் என் பக்கக் கதவில் மோதியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏழு வருடமாகிறது. இதே நிலையில் இருக்கிற யாராவது என்னிடம் கேட்டால் முதலில் ஒரு நோட்டு வாங்கச் சொல்வேன். வெட்டிய இடத்தின் வீக்கம் வடிந்து, தசை சுருங்கி, வடிவம் நிலைக்கக் குறைந்தது ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை உங்களுக்கு என்ன தேவைப்படும், என்ன வேலை முடியும், எங்கே வலிக்கும் என்பது யாருக்கும் முழுசாகத் தெரியாது. தெரிய வரத் தெரிய வர, தேதி போட்டு எழுதிவையுங்கள். இழப்பீட்டுக் கணக்குக்கு அதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் உடம்பு. கால் வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கத் தோன்றும். வைக்கவே கூடாது. மடங்கிய மூட்டு மடங்கியபடியே இறுகிப்போனால் செயற்கைக் கால் போட்டு நேராக நிற்க முடியாது. மருத்துவர் அனுமதித்ததும், தினமும் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் குப்புறப் படுங்கள். இடுப்பு மூட்டு இறுகாது. வீக்கம் வடிய வெட்டுமுனையில் சுற்றும் எலாஸ்டிக் பேண்டேஜை வளையம் வளையமாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் தடைபடும். எட்டு வடிவில் குறுக்காகச் சுற்ற வேண்டும், நுனியில் இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக. வீட்டில் ஒருவராவது இதை பிசியோதெரபிஸ்டிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரைத்தூக்கத்தில் எழுந்தால் மூளைக்கு இரண்டு கால்கள்தான். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் இரவு நான் இல்லாத காலை ஊன்றப் போய், தையல் போட்ட முனையிலேயே விழுந்தேன். தையல் பிரிந்து மறுபடி ஆஸ்பத்திரி. கட்டிலில் இறங்கும் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு, அதன்மேல் ஊன்றுகோலைச் சாய்த்து வையுங்கள். கை அதில் பட்டதும் ஞாபகம் வந்துவிடும்.

இல்லாத பாதம் வலிக்கும். கட்டைவிரலை யாரோ முறுக்குவது போலிருக்கும். இது மனப்பிரமை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த சைலஸ் வேய்ர் மிட்செல் என்ற மருத்துவர் 1871லேயே இப்படி இல்லாத உறுப்பை உணர்வதற்கு 'phantom limb' (மாய உறுப்பு) என்று பெயர் வைத்துவிட்டார். நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, வெட்கப்படாமல் கேளுங்கள். 1990களில் வி.எஸ்.ராமச்சந்திரன் கொண்டுவந்த கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் இழந்த கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி உட்கார்ந்து, நல்ல பாதத்தை மெதுவாக அசைத்துக்கொண்டே பிம்பத்தைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பலிக்காது. எனக்கு மூன்றாம் வாரத்தில் அந்தக் கட்டைவிரல் முறுக்கு விட்டது.

செயற்கைக் கால் வந்ததும் எல்லாரும் பாதத்தைத்தான் பார்ப்பார்கள். உங்கள் நாளைத் தீர்மானிப்பது சாக்கெட்டும் (வெட்டுமுனை உள்ளே இறங்கும் கிண்ணம்) லைனரும்தான் (தோலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் மெத்தென்ற உறை). லைனரை உள்வெளியாகத் திருப்பி, அதன் அடியை வெட்டுமுனையில் காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டவைத்து, மேல்நோக்கி உருட்டுங்கள், இழுத்து மாட்டாதீர்கள். உள்ளே காற்று தங்கினால் மாலைக்குள் கொப்புளம். நாள் ஏற ஏறக் கால் சுருங்குவதால் சாக்கெட் தளரும். முழங்கால் சில்லின் அடிப்பகுதி விளிம்பில் குத்த ஆரம்பித்தால் உள்ளே மேலும் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். உட்கார்ந்து, லைனருக்கு மேல் ஒரு சாக்ஸ் கூடுதலாகப் போடுங்கள். கழற்றியதும் கைக்கண்ணாடி வைத்து அடிப்புறத் தோலைப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அன்று மறுபடி மாட்ட வேண்டாம். இத்தனையையும் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை சாக்ஸ், எங்கே சிவந்தது, எத்தனை மணி நேரம் நின்றீர்கள்.

இனி வழக்கு. இங்கே இரண்டு கடிகாரம் ஓடுகிறது. உடம்பு நிலைக்க மாதங்கள் பிடிக்கும். கோரிக்கை வைக்கச் சட்டம் தரும் கால வரம்போ காத்திருக்காது. அது இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் மிகக் குறைவு. அதனால் வழக்கறிஞரைப் பார்த்ததும் முதல் கேள்வியே "கடைசித் தேதி எது?" என்பதாக இருக்கட்டும். கோரிக்கையைச் சீக்கிரம் பதியுங்கள், தொகையை நிதானமாகப் பேசுங்கள். நடுவில் செலவுக்குத் திணறினால் இடைக்காலத் தொகை கேட்கப் பல நாடுகளில் வழியிருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம் எவ்வளவு, எப்போது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முதல் வாரத்தில் காணாமல் போகிற ஆதாரங்கள் சில உண்டு. கண்காணிப்புக் கேமராப் பதிவு சில நாளிலேயே அழிந்து புதிதாகப் பதிவாகிவிடும். நொறுங்கிய கார் உடைப்புக்குப் போய்விடும். அதை நிறுத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், பல கார்களில் மோதுவதற்கு முந்தைய சில விநாடிகளின் வேகமும் பிரேக்கும் பதிவாகியிருக்கும். போலீஸ் அறிக்கை, பார்த்தவர்களின் எண்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, வாராவாரம் காயத்தின் படம், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். எதிர்த்தரப்பு காப்பீட்டுக்காரர் போனில் "சும்மா நடந்ததைச் சொல்லுங்க" என்று கேட்டால், வழக்கறிஞரிடம் பேசச் சொல்லிவிடுங்கள்.

தொகையில் எல்லாரும் தவறவிடுவது வருங்காலத்தைத்தான். என் கணக்கை அப்படியே தருகிறேன். செயற்கைக் காலை மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். 34 வயதில் இழந்தவள் 74 வரை இருந்தால் 40 வருடம். ஆக 8லிருந்து 13 கால்கள். லைனர் அதைவிடச் சீக்கிரம் தேயும். குளிக்கத் தனிக் கால், குளியலறையில் கைப்பிடி, படிக்குப் பதில் சாய்தளம், கிளட்ச் இல்லாத கார். நல்ல காலின் மூட்டும் இடுப்பும் கூடுதல் சுமையால் முன்கூட்டியே தேயலாம் என்று மருத்துவர் எழுதித் தந்தால் அதுவும் கணக்கில் வரும். அண்ணி எட்டு மாதம் வேலைக்குப் போகாமல் என்னைத் தூக்கி உட்காரவைத்தாளே, அதற்கும் விலை உண்டு. அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டிருக்காவிட்டால் அவளுக்குத்தான் அநியாயம் செய்திருப்பேன்.

ஊனச் சான்றிதழில் ஒரு சதவீதம் இருக்கும். அதுவே உங்கள் வருமான இழப்பு என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே மாதிரி கால் போன கொத்தனாருக்கும் கணக்கருக்கும் இழப்பு ஒன்றா? உங்கள் வேலை உடம்பிடம் என்ன கேட்கிறது என்பதை மணிக்கணக்கில் எழுதிக் கொடுங்கள். "இப்பவும் பாடம் நடத்தறீங்களே, அப்புறம் என்ன இழப்பு?" என்று என்னிடம் கேட்டார்கள். நோட்டைத் திறந்து காட்டினேன். "இன்று நாலாவது பீரியட் உட்கார்ந்தே நடத்தினேன். போர்டின் மேல்பாதி எட்டவில்லை. பின்பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று எழுதிக்கொண்டார்கள்." அப்படி 212 நாள்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு அனுப்பும் மருத்துவரிடம் கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். நம்மில் பலர் குறைத்துச் சொல்கிறவர்கள்தான். "பரவாயில்லைங்க, நடக்கிறேன்" என்கிற ஒரு வாக்கியம் அறிக்கையில் அப்படியே ஏறிவிடும். எவ்வளவு தூரம், நடுவே எத்தனை தடவை நின்று, மறுநாள் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

பணம் வந்ததும் அடுத்த இரண்டு சாக்கெட்டுக்கான தொகையை முதலில் தனியாக ஒதுக்குங்கள். நோட்டை நான் இன்னும் விடவில்லை. மதியத்துக்குள் மூன்றாவது சாக்ஸ் போட வேண்டிவந்த நாள்களை வட்டம் போட்டு வைக்கிறேன். ஒரு வாரத்தில் நாலு வட்டம் வந்தால், தோல் புண்ணாகும்வரை காத்திருக்காமல் கால் பொருத்துகிறவருக்குப் போன் செய்துவிடுவேன்.