பிளட்டூனுக்கு முதல்முறையாகப் பெண்கள் வரும்போது: ஒரு பயிற்றுநரின் குறிப்புகள்

18 வருடம் படையில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். என் பிளட்டூனுக்கு, அதாவது நான் பயிற்றுவித்த சிறு படைப்பிரிவுக்கு, முதன்முதலில் பெண்கள் வந்தபோது மேலிடத்தில் சொன்னது ஒரே வரி: "எல்லாரையும் ஒரே மாதிரி நடத்து." அப்படியே செய்தேன். ஐந்தாவது வாரம் இரண்டு பேர் ஊன்றுகோலோடு நின்றார்கள். இனி பெண்களைப் பயிற்றுவிக்கப் போகிறவர்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடையைச் சரிசெய்யுங்கள். உயரமானவன் முன்னால் நின்று எட்டி அடி வைப்பான். பின்வரிசையில் இருக்கும் குள்ளமானவர் அதே அடியைப் பிடிக்கக் காலை இழுத்து இழுத்து வைப்பார். தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் அந்த இழுவை நாள் முழுக்க விழுந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் வரும். "கவட்டை வலிக்குது சார்" என்ற பெண்ணிடம், "எல்லாருக்கும்தான் வலிக்கும், ஓடு" என்றேன். படம் எடுத்தபோது இடுப்பெலும்பில் விரிசல். ஆஸ்திரேலியத் தரைப்படையும் 1990களில் இதில் மாட்டியது. அவர்கள் நடை வேகத்தைக் குறைத்தார்கள், வரிசை இடைவெளியைக் கூட்டினார்கள், அவரவர் அடி நீளத்தில் நடக்கவிட்டார்கள். பெண்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வந்துகொண்டிருந்த இடுப்பெலும்பு முறிவு, நூற்றில் ஒருவருக்கும் கீழே இறங்கியது.

ஆகவே குள்ளமானவர்களை முன்னால் நிறுத்துங்கள், அவர்கள் அடிக்கு மற்றவர்கள் நடக்கட்டும். குள்ளமான ஆண்களின் காலும் இதில் தப்பிக்கும். என் அடுத்த பேட்ச்சில் முணுமுணுத்தவர்கள் நெட்டைப் பையன்கள் மட்டும்தான், அதுவும் இரண்டு நாள். கவட்டை வலி என்று யார் சொன்னாலும் குதித்துக் காட்டச் சொல்லாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சாப்பாட்டை மருத்துவப் பிரிவு பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் தெரிந்திருங்கள்: பயிற்சியில் மாதவிலக்கு நின்றுபோனால் "உழைப்பு அதிகம், சகஜம்" என்று விட்டுவிடக் கூடாது. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி, எலும்பையும் பாதிக்கும்.

அடுத்தது ஸ்டோர், அதாவது பேக்கும் கவசமும் அளவு பார்த்துக் கொடுக்கும் இடம். இங்கே அவசரமே கூடாது, ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். பேக்கின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். பெண்களுக்குப் பொதுவாக முதுகின் நீளம் குறைவு. பேக்கின் சட்டம் நீளமாக இருந்தால் பட்டை பிட்டத்துக்கு இறங்கி, சுமை முழுக்கத் தோளில் தொங்கும். குண்டு துளைக்காத கவசத்தை நின்றபடி போட்டுப் பார்த்து "சரி" என்று கையெழுத்துப் போடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், முழங்காலிடச் சொல்லுங்கள், குப்புறப் படுத்துக் குறிபார்க்கச் சொல்லுங்கள். கீழ்விளிம்பு தொடையில் இடித்து மேல்விளிம்பு தாடையை முட்டினால் அது அவர் அளவு இல்லை.

அப்புறம் கொண்டை. சிரிக்காதீர்கள். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும்போது கொண்டை ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து தள்ளும், ஹெல்மெட் கண்ணை மறைக்கும். ஒரு பெண்ணைப் பற்றி "குறி தேறாது" என்று என் நோட்டில் மூன்று வாரம் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் அவரே கொண்டையைப் பிரித்துப் பின்னலாக்கிக் கவசத்துக்குள் செருகிக்கொண்டு சுட்டார். அந்தப் பக்கத்தை அன்று சாயங்காலமே கிழித்துப் போட்டேன். அமெரிக்கத் தரைப்படை 2021இல் பின்னலுக்கும் குதிரைவால் முடிக்கும் அனுமதி கொடுத்ததற்கு இந்த ஹெல்மெட் தொல்லையும் ஒரு காரணம்.

தேர்வு பற்றித்தான் கேன்டீனில் சண்டை நடக்கும். இரண்டு வகைத் தேர்வு உண்டு. பொது உடற்தகுதித் தேர்வு ஆரோக்கியத்தைப் பார்ப்பது. அதில் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப அளவு மாறலாம். வேலைத் தேர்வு அப்படியில்லை. 155 மி.மீ. பீரங்கிக் குண்டு 40 கிலோவுக்கு மேல். பீரங்கிக்கு அதை ஊட்டும் வேலைக்கு வருகிறவர் யாரானாலும் தூக்கியாக வேண்டும். பிரிட்டன் 2018இல் எல்லாப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்தது, நேரடிப் போர்ப் பணிகளுக்கு அடுத்த வருடமே இருபாலருக்கும் ஒரே தேர்வை வைத்தது. இந்த வித்தியாசத்தை முதல் நாளே பிளட்டூன் முழுக்க உட்காரவைத்துச் சொல்லுங்கள். பரிதாபப்பட்டு வேலைத் தேர்வில் யாருக்காவது ரகசியமாக மார்க் போட்டீர்களானால், நியாயமாகத் தேறிய பெண்ணின் பேரும் அதோடு போய்விடும்.

செக்‌ஷனுக்கு (பிளட்டூனுக்குள் இருக்கும் சிறு குழு) ஒரு பெண் என்று பிரித்துப் போடாதீர்கள். நான் போட்டேன், பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அந்த ஒருவர் எதைச் செய்தாலும் "பெண்கள் இப்படித்தான்" என்று பேச்சாகிவிட்டது. இரண்டு மூன்று பேராக வையுங்கள்.

கடைசியாகப் புகார். உங்களைத் தாண்டிப் போகும் வழி ஒன்று கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் புகாரே உங்கள் மேல் இருக்கலாம். பாலியல் வன்முறையில் வழக்குத் தொடரும் முடிவை அமெரிக்கா 2021 சட்டத்தின் மூலம் கட்டளை அதிகாரிகளிடமிருந்து எடுத்துத் தனி வழக்கறிஞர்களிடம் கொடுத்தது. 2023 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நம் அளவில் செய்ய முடிந்தது சின்னதுதான். வெளியே இருக்கும் புகார் அதிகாரியின் எண்ணை அச்சடித்துக் கழிப்பறைக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டினேன், நின்று படித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால். ஆண்கள் பக்கமும் ஒட்டினேன். அந்த எண்ணுக்கு முதலில் கூப்பிட்டது ஒரு பையன். பயிற்சி முடிந்து போகும் நாளில் அவனே வந்து சொன்னான்.