ரோக்குக்குக் கவசமா, விலகலா: கணக்கு தப்பும் இடங்கள்

பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் ரோக் (பதுங்கித் தாக்கும் திருடன் வகைப் பாத்திரம்) ஆடுகிறவர்கள் விரைவிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். அடி விழாமல் விலகிக்கொள் என்பது ஒரு கட்சி. எப்படியும் விழும், கவசத்தைக் கனமாக்கு என்பது மற்றது. 2014 விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த வழக்கில் பாதி அடிபட்டுப்போகும். எதிரி 20 முகப் பகடையை உருட்டி எட்ட வேண்டிய ஏசி (ஆர்மர் கிளாஸ்) என்ற ஒரே எண்ணில் கவசமும் உடல் சுறுசுறுப்பும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

இதை மறந்தவர்கள் முதலில் பணத்தை இழக்கிறார்கள். நடுத்தரக் கவசமான ஹாஃப் பிளேட்டின் விலை 750 தங்கக் காசு. ஏசி 15, அதன்மேல் சுறுசுறுப்பைக் குறிக்கும் டெக்ஸ்டெரிட்டியிலிருந்து அதிகபட்சம் 2 சேரும். ஆக 17. இலகுவகைக் கவசமான ஸ்டடட் லெதர் 45 காசு. 12-உடன் டெக்ஸ்டெரிட்டி முழுதாகச் சேரும். டெக்ஸ்டெரிட்டி 20 ஆகிவிட்ட ரோக்குக்குச் சேர்வது 5, ஆக அதுவும் 17. ஹாஃப் பிளேட்டில் பதுங்கும்போது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தண்டனை வேறு.

இன்னும் மோசம், பயிற்சியில்லாத கவசத்தை அணிவது. ரோக்குக்குத் தெரிந்தது இலகுவகைக் கவசம் மட்டுமே. கனமான பிளேட் கவசத்தைப் போட்டால் ஏசி 18 என்று மகிழ்கிறவர், டெக்ஸ்டெரிட்டியால் செய்யும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் அதே குறைந்த பகடைத் தண்டனை உண்டு என்பதைக் கவனிப்பதில்லை. அந்தத் தண்டனையோடு ஸ்னீக் அட்டாக் (சமயம் பார்த்துக் கொடுக்கும் கூடுதல் சேதம்) செய்ய முடியாது. ஐந்தாம் நிலையில் அது மூன்று ஆறுமுகப் பகடை, சராசரி 10.5. அதை விட்டுவிட்டால் ரோக்கிடம் மிஞ்சுவது ஒரு சிறிய கத்திதான்.

விலகல் கட்சிக்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர். இரண்டாம் நிலையில் வரும், தாக்குதலோடு கூடுதலாக ஒரு செயல் தரும் கன்னிங் ஆக்‌ஷனில் டாட்ஜும் (அடிக்கு விலகி நிற்பது) உண்டு என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டேஷ் (விரைந்தோடுவது), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகிப் போவது), ஹைட் (ஒளிவது) மூன்றுதான் உண்டு. டாட்ஜ் செய்தால் அந்த முறைக்கான முழு ஆக்‌ஷனும் போய்விடும், அதாவது தாக்குதலே போய்விடும். வாசலை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டிய நேரத்தைத் தவிர வேறெப்போதும் அது ரோக்குக்குக் கட்டுபடியாகாது. தாக்கிவிட்டு டிஸ்எங்கேஜ் செய்து நழுவுவதே மேல்.

அதிகம் வீணாவது ஐந்தாம் நிலையின் அன்கேனி டாட்ஜ். கண்ணுக்குத் தெரியும் எதிரி அடித்துவிட்டால், உடனடி எதிர்வினையான ரியாக்‌ஷனைச் செலவழித்து அந்த ஓர் அடியின் சேதத்தைப் பாதியாக்கலாம். சுற்றுக்கு ஒரே ரியாக்‌ஷன். கோப்ளின் என்ற சிறு பூதம் ஒன்றும் ஓகர் என்ற பெரும் பூதம் ஒன்றும் எதிரே நிற்கின்றன என்று வையுங்கள். கோப்ளினின் வாள் சராசரியாக 5 சேதம். பதறிப்போய் அதைப் பாதியாக்கினால் 3 சேதம் தப்பும். அடுத்து வரும் ஓகரின் தடி 13. அதை முழுதாக வாங்க வேண்டியதுதான். கோப்ளினைப் பொறுத்துக்கொண்டிருந்தால் 7 சேதம் தப்பியிருக்கும். எதிரி ஓடும்போது கிடைக்கும் வாய்ப்புத் தாக்குதலுக்கும் இதே ரியாக்‌ஷன்தான் வேண்டும். அடுத்தவர் முறையில் நடப்பதால் அதில் இரண்டாவது ஸ்னீக் அட்டாக்கும் செய்யலாம். எல்லாவற்றையும் தற்காப்பிலேயே கரைப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

ஒரே பெரிய எதிரி, ஓங்கி ஓர் அடி என்றால் அன்கேனி டாட்ஜுக்கு ஈடில்லை. ஆறு கோப்ளின்கள் சூழ்ந்துகொண்டால் நிலைமை வேறு. அவை தாக்கும்போது பகடையில் விழும் எண்ணோடு 4 கூடும். ஏசி 17 என்றால் ஒவ்வோர் அடியும் படும் வாய்ப்பு 40 விழுக்காடு. 19 என்றால் 30. ரியாக்‌ஷன் ஓர் அடியைத்தான் தணிக்கும், ஏசி ஆறையும் தணிக்கும்.

அந்தக் கூடுதல் 2-க்கு கேடயம் போதும். மாடரேட்லி ஆர்மர்டு என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்தால் கேடயப் பயிற்சி கிடைக்கும், டெக்ஸ்டெரிட்டியும் 1 ஏறும். என் பார்வையில் அந்த ஃபீட்டின் மதிப்பே கேடயத்தில்தான் இருக்கிறது. கூட வரும் நடுத்தரக் கவசப் பயிற்சி ரோக்குக்கு ஒப்புக்குச் சப்பாணி. ஆனால் கேடயம் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது கத்தி கிடையாது, வில்லும் கிடையாது. மாட்டவும் கழற்றவும் ஓர் ஆக்‌ஷன் போகும். வில்லை நம்பி ஆடுகிறவர் இதன் பக்கமே போகக் கூடாது.

ஏழாம் நிலையில் இவேஷன் (டெக்ஸ்டெரிட்டிச் சோதனையால் தப்பும் திறன்) வந்துவிட்டால் ஃபயர்பால் என்ற தீ மந்திரத்தின் சராசரி 28 சேதம், தப்பினால் பூஜ்யம், தப்பாவிட்டால் 14. அந்தத் தைரியத்தில் கோன் ஆஃப் கோல்டு என்ற குளிர் மந்திரத்துக்கு முன்னால் போய் நிற்கிறவர்கள் உண்டு. அது உடல் உறுதியான கான்ஸ்டிட்யூஷனைச் சோதிக்கும் மந்திரம். அங்கே இவேஷனும் செல்லாது, எந்த ஏசியும் செல்லாது.