ராக்கர் ஷாஃப்ட் லைன்ல உக்காரலையா? போல்ட்டை முறுக்காம ஷாஃப்டைப் பாருங்க

எஞ்சின் ஹெட் (வால்வெல்லாம் இருக்கற மேல் பாகம்) வேலை முடிச்சு ராக்கர் ஷாஃப்டை, அதாவது வால்வைத் திறக்கற ராக்கர் எல்லாம் கோத்திருக்கற தண்டை, திரும்ப மாட்டும்போது நிறைய பேர் ஒரே இடத்துல தான் சிக்கறாங்க. போல்ட் ரெண்டு மூணு மரை ஏறுது, அப்புறம் டைட்டா நின்னுடுது, சரி ஸ்பேனரைப் போட்டு அழுத்தினா உள்ள போயிடும்னு நினைக்கறாங்க. தயவுசெஞ்சு அங்கயே நிறுத்திடுங்க. போல்ட் ஸ்டீல், ஹெட் பெரும்பாலும் அலுமினியம், வம்பு பண்ணினா போறது ஹெட்ல இருக்கற மரை தான். ஒரு மரை போனா ஹெலிகாயில் (புது மரைக்காக உள்ள வைக்கற கம்பிச் சுருள்) போடணும், அதுக்கு ஹெட்டை கழட்ட வேண்டி வந்தாலும் வரும். நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், ராக்கர் ஷாஃப்ட் சரியா உக்காந்திருந்தா போல்ட் விரலாலயே கடைசி வரைக்கும் ஏறணும், ஏறலைன்னா ஷாஃப்ட் இடத்துல இல்ல.

ஏன் இடிக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஷாஃப்ட் உள்ள ஓட்டையா இருக்கும், ஆயில் அதுக்குள்ள ஓடி சின்னச் சின்ன துளை வழியா ஒவ்வொரு ராக்கருக்கும் போகும். போல்ட் போற இடத்துல ஒண்ணு முழு துளை இருக்கும், இல்லைன்னா ஷாஃப்டோட ஓரத்துல அரைவட்டமா ஒரு வெட்டு இருக்கும். இந்த வெட்டு தான் ஷாஃப்ட் சுத்தாம, நகராம பிடிச்சு வைக்குது. ஷாஃப்ட் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் சரி, முன்னயோ பின்னயோ ஒரு மி.மீ. தள்ளியிருந்தாலும் சரி, போல்ட் அந்த வெட்டோட விளிம்புல இடிச்சு நிக்கும். இன்டேக் ஷாஃப்டையும் எக்ஸாஸ்ட் ஷாஃப்டையும் மாத்திப் போட்டாலோ, முன்பக்கம் பின்பக்கம் தலைகீழா போட்டாலோ கூட இதே கதை தான், சில எஞ்சின்ல போல்ட் ஏறிடும் ஆனா ஆயில் துளை தப்பான பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும், அது இன்னும் மோசம், ஏன்னா வண்டி ஸ்டார்ட் ஆகி கொஞ்ச தூரம் ஓடின பிறகு தான் ராக்கர் காஞ்சு தேயறது தெரியும்.

வேலைக்கு முன்னாடி எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும், பேட்டரி நெகடிவ் கழட்டிடுங்க, ஸ்பார்க் பிளக் எல்லாம் எடுத்துடுங்க, அப்ப தான் கிராங்கை (பிஸ்டன்கள் சுத்த வைக்கற தண்டை) கையால சுத்த லேசா இருக்கும். ஹெட்ல ஆயில் இறங்கற ஓட்டைகள்ல சுத்தமான துணியை அடைச்சிடுங்க, ஒரு வாஷர் உள்ள விழுந்தா எஞ்சின் அடியில இருக்கற ஆயில் சம்பை கழட்டற வேலை வந்துடும்.

அடுத்தது டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளி வைக்கற ஸ்க்ரூ) எல்லாத்தையும் நல்லா லூஸ் பண்ணுங்க. இதை யாரும் செய்யறதில்ல, பிரச்சனையோட வேரே இங்க தான் பாதி நேரம் இருக்கு. 4 சிலிண்டர் எஞ்சின்ல கேமை (ராக்கரைத் தள்ளற மேடுகள் இருக்கற தண்டை) எந்த பொசிஷன்ல வெச்சாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையில தான் இருக்கும், அந்த வால்வு ஸ்பிரிங் ராக்கரைத் தள்ளி ஷாஃப்டோட ஒரு முனையை மேல தூக்கும், நீங்க கீழ அழுத்தி அழுத்தி பாத்தாலும் லைன்ல வராது. ஸ்க்ரூ லூஸா இருந்தா அந்த தள்ளல் நல்லா குறைஞ்சிடும்.

ஒரு எச்சரிக்கை, டொயோட்டா 22ஆர் மாதிரி சில எஞ்சின்ல ஹெட் போல்ட்டே தான் ராக்கர் அசெம்பிளியையும் சேத்து பிடிக்குது. அதை லூஸ் பண்ணினா ஹெட் பேக்கிங் மேல இருக்கற அழுத்தமும் போயிடும், கூலன்ட்டை முதல்லயே இறக்கிட்டு, ஹெட் போல்ட்டோட டார்க் (முறுக்கற அளவு) மறுபடி முறைப்படி வைக்கற தயாரிப்போட தான் கை வைக்கணும்.

கழட்டும்போது ஓரத்துல இருந்து நடுவுக்கு, ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சுத்து ஒரு சுத்தா. ஒரே போல்ட்டை முழுசா கழட்டினா ஷாஃப்ட் வளைய வாய்ப்பிருக்கு. கேம் ஹோல்டரோட சேந்து வர்ற ஹோண்டா மாதிரி டைப்ல போல்ட்டை வெளிய உருவாதீங்க, அப்படியே விட்டு மொத்தமா தூக்குங்க, உருவினா ஸ்பிரிங்கும் ராக்கரும் நாலா பக்கமும் பறக்கும். எடுத்த ராக்கர், ஸ்பிரிங், வாஷர் எல்லாம் வந்த வரிசையிலேயே வைங்க, ஷாஃப்டைப் பிடிச்சு வைக்கற கேப் மேல நம்பரோ அம்புக்குறியோ இருக்கும், ஒண்ணுக்கொண்ணு மாத்தக் கூடாது, ஒவ்வொரு கேப்பும் அதோட இடத்துக்குன்னே போர் பண்ணினது.

இப்ப ஷாஃப்டைப் பாருங்க. கண்ணாடி மாதிரி சமமான இடத்துல உருட்டினா வளைவு தெரிஞ்சிடும். அப்புறம் நகத்தால தடவுங்க, ராக்கர் உக்கார்ற இடத்துல படி மாதிரி தட்டுப்பட்டா தேஞ்சிருக்கு. தேய்மானம் பெரும்பாலும் அடிப்பக்கம் தான் இருக்கும், ஏன்னா கேமும் வால்வு ஸ்பிரிங்கும் ராக்கரை மேல தள்ளுது. தேஞ்ச பக்கத்தை மேல திருப்பிப் போட்டு ஓட்டிடலாம்னு சிலர் சொல்வாங்க, கேக்காதீங்க, ஆயில் துளையும் கூடவே திரும்பிடும். துளை எல்லாத்தையும் மெல்லிய கம்பி விட்டு ஏர் அடிச்சு சுத்தம் பண்ணுங்க.

மாட்டற விஷயத்துக்கு வருவோம். ஹெட்டுக்குள்ள பக்கவாட்டுல சொருகற டைப்பா இருந்தா, ஷாஃப்ட் முனையில ஸ்க்ரூடிரைவர் போடற மாதிரி காடி இருக்கும். போல்ட் துளை வழியா டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே மெதுவா திருப்புங்க, வெட்டு நேரா வந்ததும் போல்ட் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவான வழவழப்பான கம்பி ஒண்ணை இறக்குங்க, டிரில் பிட்டோட பின்பக்கம் இதுக்கு ரொம்ப வசதி. கம்பி தானா அடி வரைக்கும் விழுந்தா சரி. விழலைன்னா இன்னும் கொஞ்சம் திருப்பணும், இல்ல முன்ன பின்ன நகத்தணும். எந்த நிலையிலயும் சுத்தியல் வேண்டாம். ஒரு துளை சரியாச்சுன்னா கம்பியை அங்கயே விட்டுட்டு மத்த துளைகளைப் பாருங்க, எல்லாம் சரியான பிறகு ஒவ்வொண்ணா கம்பியை எடுத்துட்டு போல்ட்டை விரலால ஏத்துங்க.

மேல வெச்சு போல்ட் போடற டைப்பா இருந்தா பெஞ்ச்லயே கேப், ராக்கர், ஸ்பிரிங் எல்லாம் கோத்து, போல்ட்டையும் துளைகள்ல விட்டு லைன் பண்ணிட்டு, மொத்தமா இறக்குங்க. உக்கார்ற இடத்துல பழைய பேக்கிங் துண்டோ மண்ணோ இருக்கக் கூடாது. தள்ளு கம்பி இருக்கற எஞ்சின்னா ஒவ்வொரு கம்பியும் ராக்கரோட குழியில உக்காந்திருக்கான்னு பாத்துட்டுத் தான் டைட் பண்ணணும்.

டைட் பண்றது நடுவுல இருந்து ஓரத்துக்கு, ரெண்டு மூணு தடவையா, டார்க் ரென்ச்ல. எஞ்சின் மேனுவல் நம்பர் தான் கணக்கு, ஆனா ஒரு அளவுக்கு சொல்றேன், 6 மி.மீ. போல்ட்டுன்னா 10 நியூட்டன் மீட்டர் பக்கம், 8 மி.மீ.ன்னா 20ல இருந்து 25 பக்கம் தான் சாதாரணமா வரும், அவ்ளோ தான் வேணும்.

அப்புறம் மேல இருந்து பாருங்க, ராக்கர் நுனி வால்வு தண்டோட நடுவுல உக்காந்திருக்கா? எல்லா ராக்கரும் ஒரே பக்கமா ஒதுங்கியிருந்தா ஷாஃப்ட் நீளவாக்குல தள்ளியிருக்கு. ஒண்ணு மட்டும் ஒதுங்கியிருந்தா அங்க வாஷரோ ஸ்பிரிங்கோ மாறியிருக்கு. வால்வு மூடியிருக்கற ராக்கரை விரலால ஆட்டினா லேசா ஆடணும்.

டேப்பட் மேனுவல் அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) வெச்சு செட் பண்ணிட்டு, கிராங்கை கையால ரெண்டு முழு சுத்து சுத்துங்க. எங்கயாவது கல்லுல இடிச்ச மாதிரி நின்னா மேற்கொண்டு அழுத்தாம காரணத்தைத் தேடுங்க. சுத்தி முடிச்சதும் கேஜை மறுபடி விட்டுப் பாருங்க, அளவு மாறியிருந்தா ஏதோ ஒரு கேப் இப்ப தான் முழுசா உக்காந்திருக்கு, டார்க்கும் ஒருமுறை பாத்துடுங்க.

கடைசியா ஆயில். அடைச்ச துணி எல்லாத்தையும் எடுத்தாச்சான்னு எண்ணிப் பாத்துட்டு, பேட்டரியை மாட்டி, இக்னிஷனும் ஃபியூயலும் கட் பண்ணிட்டு, பிளக் இல்லாமலே கவர் திறந்தபடி ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அடிங்க. ஒவ்வொரு ராக்கர் பக்கமும் ஆயில் கசிஞ்சு வரணும். ஒரு வரிசை முழுக்க காஞ்சே இருந்தா அந்த ஷாஃப்ட் திரும்பித் தான் உக்காந்திருக்கு இல்ல ஆயில் வர்ற வழி அடைச்சிருக்கு, கவரை மூடாம அந்த ஷாஃப்டை மறுபடி கழட்டிப் பாருங்க.