பழைய காரில் ‘டொக் டொக்’ சத்தமா?

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய சிறிய காரில் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்டால், மெக்கானிக்கிடம் செல்லும் முன் அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். முதலில் சக்கர நட்டுகளையும், டிக்கியில் உள்ள ஜாக்கியையும் சோதியுங்கள். நான் ஒரு மாதம் தேடிய சத்தம், ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்த ஸ்பேனரிலிருந்து வந்தது.

வண்டி நிற்கும்போதே, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தட்டலும் வேகமெடுத்தால், கோளாறு பெரும்பாலும் எஞ்சினில்தான். உடனே எஞ்சினை அணைத்து, சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து, மீண்டும் செருகி ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் கனமான தட்டல் தொடர்ந்தால், பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கலாம் என்பதால், வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்வதே நல்லது.

காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது ‘கட கட’வென்று கேட்டால், முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் சக்கரத்துக்கு எஞ்சின் விசையைக் கடத்தும் மூட்டான சிவி ஜாயின்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெங்கும் கிரீஸ் தெறித்திருப்பதைப் பெரும்பாலும் கண்ணாலேயே காணலாம். வேகத்தடையில் மட்டும் தட்டினால் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பின் பாகங்களான புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும்; அதை மட்டும் அடுத்த சர்வீஸுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.