கப்பலுக்குப் போகும் தம்பிகளே, களைப்பையும் தேய்மானத்தையும் ஆங்கிலத்தில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கோனில் என் மாலை வகுப்புக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், நேர்காணலில் மட்டும் ஆங்கிலம். இலக்கணம் ஓரளவுக்குத் தெரிந்த பிள்ளைகள்தான். ஆனால் உடம்பு ஓய்ந்ததைச் சொல்லும்போதும், பொருள் தேய்ந்ததை எழுதும்போதும், இவர்களுக்கு முன்னால் போன அண்ணன்மார் சறுக்கிய அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். 'டயர்டு', 'டயரிங்' குழப்பத்தை எந்தப் புத்தகமும் தீர்த்துவைக்கும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

'டயர்டு ஆஃப்'

மோல்மேனிலிருந்து வந்து படித்த பையன் ஒருவன். கரையோரக் கப்பலில் வேலை பார்த்த அனுபவம் உண்டு, சான்றிதழ்கள் எல்லாம் கையில் இருந்தன. ஆள் எடுக்கும் ஏஜென்சி ஒன்றில் நேர்காணல். பழைய கப்பலை ஏன் விட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு மணி நேரம் வாட்ச் (கப்பலில் முறைவைத்துப் பார்க்கும் பணி), ஆறு மணி நேரம் ஓய்வு, அந்த ஓய்விலும் பாதி சரக்கு வேலைக்கே போய்விடும், தூக்கமில்லாமல் உடம்பு ஓய்ந்துவிட்டது என்பதுதான் அவன் மனதில் இருந்தது. வாயில் வந்தது: 'ஐ வாஸ் டயர்டு ஆஃப் வாட்ச்கீப்பிங்.' எதிரில் இருந்தவர் நன்றி சொல்லிக் கோப்பை மூடிவிட்டார்.

"சயா, உள்ளதத்தானே சொன்னேன்?" என்று வந்து நின்றான். பர்மியத்தில் ஆசிரியரைச் 'சயா' என்பார்கள்.

"இல்ல தம்பி. வாட்ச் வேலையே அலுத்துப்போச்சு, இனி வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்க."

களைத்துப்போன ஒருவனை வேலையில் பிடிப்பில்லாதவனாகக் காட்டிவிடுகிறது இந்த 'ஆஃப்'. அதனால்தான் இந்த ஒரு தவறு மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டவரும் ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்தான். என்ன சொல்ல வருகிறாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எந்த நேர்காணலிலும் கேட்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

நம் பிள்ளைகள் இதில் மாட்டுவதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. 'உடம்பு அலுப்பா இருக்கு, கொஞ்சம் படுக்கிறேன்' என்கிறோம். 'தினமும் இதே குழம்பு, அலுத்துப்போச்சு' என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே அலுப்பு, கேட்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். பர்மியத்தில் அப்படியில்லை. உடம்புக் களைப்பு 'பின்பான்', மனம் சலித்தால் 'ஞீங்வே'. எனவே வகுப்பில் ஒரே வழிதான் சொல்லித்தருகிறேன். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் முன் பர்மியத்தில் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 'பின்பான்' வந்தால் 'டயர்டு ஃப்ரம்' அல்லது 'டயர்டு ஆஃப்டர்'. 'ஞீங்வே' வந்தால்தான் 'டயர்டு ஆஃப்'. அதை நேர்காணலில் சொல்லவே வேண்டாம்.

அந்தப் பையனுக்கு இன்னும் நல்ல பதில் ஒன்று இருந்தது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி ஓய்வு நேரத்தைக் கணக்கிடும் கப்பலில், ஒரு மாலுமிக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த 7 நாளிலும் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு வேண்டும். ஒரு நாள் ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டாவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். ஆறுக்கு ஆறு வாட்ச் காகிதத்தில் இந்தக் கணக்குக்குள் அடங்கும். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் நாளில் அடங்காது. 'வி வேர் ஷார்ட் ஆஃப் ரெஸ்ட் அவர்ஸ்' என்று அவன் சொல்லியிருந்தால் விதி தெரிந்த மாலுமியின் பேச்சாக இருந்திருக்கும். கப்பல் படிவங்களில் இந்தக் களைப்புக்கு 'ஃபேடீக்' என்று பெயர். பாதுகாப்பு பற்றிய சொல் அது, சலிப்பின் சாயல் அதில் இல்லை.

'வெரி எக்ஸாஸ்டட்'

'வெரி' வேண்டாம். 'எக்ஸாஸ்டட்' என்றாலே முழுக்க ஓய்ந்தாயிற்று.

'வீக்'

களைப்புக்கு 'வீக்' என்று சொல்லாதீர்கள், டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

'நேக்கர்டு'

'ரொம்பக் களைத்துவிட்டேன்' என்பதற்கான கொச்சைச் சொல். சக மாலுமியிடம் மட்டும்.

தேய்ந்ததை எல்லாம் 'டேமேஜ்டு' என்று எழுதுவது

'டேமேஜ்' என்று எழுதினால் அடுத்த கேள்வி 'யார் செய்தது?' என்பதுதான். 'வோர்ன்' (தேய்ந்தது) என்று எழுதினால் 'எத்தனை நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது?' என்று கேட்பார்கள். முதல் கேள்வி ஓர் ஆளைத் தேடும், இரண்டாவது புதுப் பொருளை வரவழைக்கும்.

பன்சோடான் படகுத்துறையில் கட்டுக்கயிறு ஒன்றைக் காட்டித்தான் இதை விளக்குவேன். கயிற்றின் முனை பிரிந்து பிசிறு பிசிறாக நிற்கிறதா, அது 'ஃப்ரேய்டு'. நடுவில் இரும்பில் உரசி உரசிப் பஞ்சு கிளம்பியிருக்கிறதா, அது 'சேஃப்டு'. பிறகு புரியை முறுக்கு எதிராகத் திருப்பித் திறந்து பார்க்கச் சொல்வேன். உள்ளே இழைத்தூள் மாவாக உதிர்ந்தால் கயிறு உள்ளுக்குள்ளேயே தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், வெளிப்பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம்பக்கூடாது. இந்த மூன்றையும் 'டேமேஜ்டு' என்று ஒரே சொல்லில் எழுதினால் கப்பலில் மேலே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. துருப்பிடித்த இரும்புக்கு 'கரோடட்', மக்கிய மரத்துக்கு 'ராட்டன்'. அவை இரண்டும் உரசலால் வந்த தேய்மானமே அல்ல.

சிங்கப்பூரில் அறை வாடகைக்கு எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தங்களில் 'ஃபேர் வேர் அண்ட் டேர்' என்று ஒரு தொடர் வரும், சாதாரணப் புழக்கத்தில் வந்த தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது அதன் பொருள். காலி செய்யும்போது தரையில் நடந்து மங்கிய இடத்தை நீங்களே 'டேமேஜ்' என்று சொல்லிவிட்டால் முன்பணத்தில் கழிக்க வழி விட்டதாகிவிடும். உச்சரிப்பு 'டேர்', கண்ணீருக்குச் சொல்லும் 'டியர்' இல்லை.

வேர் ஆஃப், வேர் டவுன், வேர் அவுட்

தேய்வதற்கு ஆங்கிலத்தில் 'வேர்', பின்னால் சேரும் சொல்லைப் பொறுத்துப் பொருள் மாறும். பெயின்ட் தேய்ந்து போவதும் மாத்திரையின் வேகம் குறைவதும் 'ஆஃப்'. செருப்பின் குதிகால் 'டவுன்'. இனி உதவாது என்றால் 'அவுட்', அது செருப்புக்கும் பொருந்தும், மனிதனுக்கும் பொருந்தும். துணிக்கு மட்டும் தனிச்சொல் ஒன்று உண்டு: லுங்கி இழை தெரியும் அளவுக்குத் தேய்ந்தால் 'த்ரெட்பேர்'.

'ஃபேடீக்' இரும்புக்கும் வரும்

கிரேன் கொக்கி பற்றிய அறிக்கையில் 'ஃபேடீக்' என்று பார்த்ததும் கிரேன் ஓட்டியவர் தூங்கவில்லை என்று மொழிபெயர்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உலோகம் ஒரே பாரத்தை மறுபடி மறுபடி தாங்கி, மெல்லிய விரிசல் விழுந்து, அது வளர்ந்து ஒரு நாள் முறிவதற்கும் இதே சொல்தான். 1954இல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்தன. ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, அது பிளக்கும்வரை சோதித்துத்தான் காரணம் இந்த ஃபேடீக் என்று கண்டுபிடித்தார்கள். அறிக்கையில் இந்தச் சொல்லோடு 'கிராக்' என்பதும் சேர்ந்து வந்தால் அந்தக் கொக்கியில் பாரம் ஏற்றாதீர்கள், உடனே சீஃப் ஆபீசரிடம் சொல்லுங்கள்.