தெரிந்த பாடத்திலும் மதிப்பெண் குறைகிறதா? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விடை எழுதப் பயிற்சி அளிக்கும் முறை

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் பலர் முதல் பக்கத்து மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுகிறார்கள். பிள்ளைக்கு உதவ நினைப்பவர் பார்க்க வேண்டியவை உள்பக்கங்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலை எடுத்துக்கொள்வோம். விழுந்து விழுந்து படித்தும் மதிப்பெண் வரவில்லை என்ற குறை அதிகம் எழுவது அந்தப் பாடத்தில்தான்.

வினாத்தாளையும் விடைத்தாளையும் அருகருகே வைத்து, மதிப்பெண் குறைந்த ஒவ்வோர் இடத்திலும் காரணத்தைப் பிள்ளையையே சொல்லச் செய்யுங்கள். விடை தெரியவில்லையா, தெரிந்தும் வினாவைச் சரியாகப் படிக்கவில்லையா, எழுத நேரம் இல்லாமல் போயிற்றா என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்கு மீண்டும் படிப்பதே வழி. மற்ற இரண்டும் எத்தனை முறை பாடத்தைப் புரட்டினாலும் சரியாகா. அந்த நேரத்தில் திட்டினால், பிள்ளை அடுத்த விடைத்தாளைக் காட்டாமல் மறைக்கத்தான் பழகும்.

முதல் உலகப்போருக்கான காரணங்களைக் கேட்கும் ஐந்து மதிப்பெண் வினாவைப் பாருங்கள். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு சுட்டுக்கொல்லப்பட்டதைக் கதைபோல ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, முழு மதிப்பெண் வரும் என்று நம்பும் பிள்ளைகள் ஏராளம். அது உடனடிக் காரணம் மட்டுமே. ஐரோப்பிய நாடுகளின் அணிசேர்க்கைகள், தீவிர தேசியப் பற்று, அல்சேஸ்-லொரைன் பகுதி தொடர்பான பிரான்ஸ்-ஜெர்மனி பகை, பால்கன் சிக்கல் ஆகியவற்றையும் திருத்துபவர் விடைக்குறிப்பின்படி விடையில் தேடுவார். பொதுத்தேர்வில் விடையைத் திருத்துபவர் பிள்ளையை அறியாத ஆசிரியர் என்பதால், ‘இவனுக்குத் தெரிந்திருக்கும்’ என்ற ஊகத்துக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு காரணத்துக்கும் அடிக்கோடிட்ட சிறு தலைப்பும், அதன் கீழ் இரண்டு மூன்று வரிகளும் இருந்தால், அரைப் பக்கம் கூடுதலாக எழுதுவதைவிட அதுவே பயன் தரும்.

வினாவின் கடைசிச் சொல்லை வட்டமிடும் பழக்கத்தையும் உண்டாக்குங்கள். இமயமலை ஆறுகளையும் தீபகற்ப ஆறுகளையும் ‘வேறுபடுத்துக’ என்றால் இரண்டு பத்திகள் போதா. கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியிலும் ஒரே பண்பை இரு பக்கமும் எதிரெதிரே எழுத வேண்டும். இமயமலை இளம் மடிப்பு மலை எனப்படுவதற்குக் ‘காரணம் கூறுக’ என்றால், சிகரங்களின் பட்டியல் அங்கே தேவையில்லை. நிலப்பகுதிகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து டெத்தீஸ் என்ற பழங்காலக் கடலின் படிவுகள் மடிந்ததுதான் விடை. ஒரு மதிப்பெண் பகுதியில் குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கும்போது ‘ஆ’ என்று மட்டும் எழுதிவிட்டு வருவது வீணான இழப்பு.

நேரத்தை மதிப்பெண்ணோடு பொருத்திப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இந்தப் பாடத்துக்கு எழுதும் நேரம் மூன்று மணி; ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, எட்டு மதிப்பெண் வினா 2 எழுத வேண்டும். ஒரு மதிப்பெண் பகுதிக்குக் கால் மணி, இரண்டு மதிப்பெண் பகுதிக்கு அரை மணி, ஐந்து மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல், எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டுக்கும் சேர்த்து அரை மணி என்று வகுத்தால், சரிபார்க்க ஏறத்தாழ இருபது நிமிடம் மிஞ்சும். பாதி மதிப்பெண் ஐந்து மதிப்பெண் வினாக்களில் இருப்பதால், இரண்டு மதிப்பெண் விடையை முக்கால் பக்கத்துக்கு நீட்டும் பிள்ளை அந்தப் பாதியைத்தான் பறிகொடுக்கிறது. வினாத்தாளைப் படிக்கத் தொடக்கத்தில் தனியாகத் தரும் பத்து நிமிடத்தில், விருப்பத்தேர்வு உள்ள பகுதிகளில் விட்டுவிடப்போகும் வினாக்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். 28, 42 எண்களில் வரும் கட்டாய வினாக்களுக்கு அந்த விருப்பம் கிடையாது.

வீட்டுப் பயிற்சியை முழு வினாத்தாளோடு தொடங்க வேண்டாம். நாளுக்கு ஓர் ஐந்து மதிப்பெண் வினாவைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதட்டும். எட்டு நிமிடம் முடிந்ததும் கோடு போட்டுவிட்டு, மீதியை வேறு நிற மையில் எழுதட்டும். நேரத்துக்குள் எவ்வளவு எழுத முடிகிறது என்பது பிள்ளையின் கண்ணுக்கே தெரிந்துவிடும். பிறகு பாடநூலைத் திறந்து, அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதற்கு மட்டும் தானே மதிப்பெண் போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் அந்தப் பாடம் படித்தவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. உடன் உட்கார்ந்து நேரம் பார்த்தால் போதும். கையெழுத்தைச் சில மாதங்களில் அழகாக்க முயல்வதைவிட, சொற்களுக்கிடையே இடம் விடுவதும், விடைக்கு விடை இரண்டு வரி இடைவெளி தருவதும், வினா எண்ணைப் பிழையின்றி எழுதுவதும் எளிது.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் வந்ததும் முன்பு குறித்த அதே மூன்று காரணங்களின்படி மீண்டும் கணக்கெடுங்கள். வினாவைத் தவறாகப் படித்ததாலும் நேரம் போதாமையாலும் வந்த இழப்பு குறைந்திருந்தால், திருப்புதல் தேர்வுகளுக்கு முன் ஞாயிறுதோறும் முழு வினாத்தாளையும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதப் பழக்கலாம். குறையவில்லையெனில், இன்னும் சில வாரங்களுக்கு நாளொரு வினாப் பயிற்சியையே தொடருங்கள்.